கலைச்சொல் தேவை: போதையிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து வாழும் வீடு

கயல், மந்தைவெளி (செவ்வாய் இரவு)

அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கள் காலைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும்.

குடி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடித்தவர்கள் நேரே பழைய தெருவுக்கே போய்விடாமல், வாடகைக்கு ஒரு வீடு பிடித்து ஆறேழு பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆங்கிலத்தில் ரெக்கவரி ஹவுஸ் என்கிறார்கள். அப்படி ஒரு வீட்டை எப்படி நடத்துவது, பணத்துக்கு என்ன செய்வது என்று சொல்லும் நாற்பது பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கொளத்தூரில் இப்படி ஒரு வீட்டை நடத்தும் நண்பர்களுக்காக. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. தலைப்பில்தான் நிற்கிறேன்.

அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு சொல் தேட முடியாது என்பதால் கொஞ்சம் விவரம். 1975-ல் அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில், அரசுப் பணத்தில் நடந்துவந்த ஒரு விடுதியை மூட முடிவெடுத்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்கள் அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். வார்டன் கிடையாது. பொறுப்பாளர்களை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். வாடகையையும் கரண்டு பில்லையும் பங்கு போட்டுக் கட்டினார்கள். குடித்தால் வெளியேற வேண்டும். குடிக்காமல் பங்கையும் கட்டிக்கொண்டிருக்கும்வரை எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த முறை பரவ உதவியது 1988-ல் வந்த ஒரு சட்டம். ஒவ்வொரு மாநிலமும் 1,00,000 டாலரில் ஒரு சுழல் நிதி வைக்க வேண்டும்; ஆறு பேராவது தங்கும் வீட்டுக்கு அதிலிருந்து 4,000 டாலர் வரை கடன்; இரண்டு ஆண்டுக்குள் மாதத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் அப்போது சொன்னது. சுழல் நிதி என்ற சொல்லை நம் மகளிர் சுய உதவிக் குழுக்களே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அதில் எனக்குச் சிரமமில்லை.

இப்போதைக்கு 'மீட்பு இல்லம்' என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

மாறன், பெரம்பூர் (புதன் காலை)

கயல் அக்கா, உங்களுக்கு ஏன் ஒப்பவில்லை என்று எனக்குத் தெரிகிறது. பதினோரு வருடமாகக் குடிநோயாளிகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். மீட்பு என்றால் மீட்பவர் ஒருவர் வேண்டும். தீயணைப்பு மீட்புப் பணிகள், மீனவர்கள் மீட்பு, தேவாலயத்தில் மீட்பர். எங்கள் பக்கம் வரும் பெண்களுக்கு மீட்பு என்றதும் அடகுக் கடைதான் நினைவுக்கு வரும். போன மாதம் ஓர் அம்மா சிகிச்சைக்குக் கணவரை அழைத்து வந்தார். காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி. "அவர மீக்கறதா, கம்மல மீக்கறதா சார்?" என்று கேட்டார்.

நீங்கள் சொல்லும் வீட்டில் யாரும் யாரையும் மீட்பதில்லை. அவரவரே மீள்கிறார்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பிறவினை கூடாது. மீட்டு என்பதைத் தள்ளிவிட்டு மீள் என்பதை எடுங்கள்: மீள் இல்லம், மீள்வோர் இல்லம்.

'மறுவாழ்வு இல்லம்' என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அது சிகிச்சை மையத்துக்குப் போய்விட்டது. 2021-லிருந்து இலங்கைத் தமிழர் முகாம்களுக்கும் மறுவாழ்வு முகாம் என்றுதான் பெயர். அந்தச் சொல்லின் மேல் இன்னொரு பாரம் ஏற்ற வேண்டாம்.

தாம்பரம் புலவர் (புதன் மாலை)

தம்பி மாறன் தன்வினை, பிறவினை வேறுபாட்டைப் பிடித்தது மகிழ்ச்சி. ஆனால் 'மீள்' இப்போது வெறும் முன்னொட்டாகத் தேய்ந்துவிட்டது. மீள்பதிவு, மீள்சுழற்சி, மீள்பார்வை. மீள் இல்லம் என்றால் இடித்துவிட்டு மறுபடி கட்டிய வீடு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

தேறு என்ற வினை இருக்க வேறு ஏன்? காய்ச்சலில் கிடந்த பிள்ளையை "தேறிட்டானா?" என்று கேட்கிறோம். தேர்வில் தேறுகிறோம். தேறு தன்வினை, தேற்று பிறவினை. கலங்கிய நீரைத் தேற்றுவது தேற்றாங்கொட்டை. என் பாட்டி வீட்டு மண்பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை உரைத்து விட்டு, அதன் பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார். காலையில் பார்த்தால் மண்ணெல்லாம் அடியில் படிந்து நீர் பளிங்காக நிற்கும்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. அந்தத் தேற்றா மரத்துக்குச் சங்க காலத்துப் பெயர் என்ன தெரியுமா? இல்லம். கலித்தொகை 142-ஆம் பாட்டில் "இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து" என்று வருகிறது. காழ் என்றால் விதை. அகநானூறு 4-ஆம் பாட்டில் முல்லையோடும் கொன்றையோடும் சேர்ந்து பூப்பதும் இந்த இல்லம்தான். வீட்டுக்கும் அதே சொல், கலங்கியதைத் தெளிவிக்கும் மரத்துக்கும் அதே சொல். நாம் தேடும் பொருள் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சொல்லில் கூடி நிற்கிறது.

தேறு இல்லம் என்பது வினைத்தொகை. "காலம் கரந்த பெயரெச்சம்" என்பது நன்னூல். தேறின இல்லம், தேறுகின்ற இல்லம், தேறும் இல்லம் மூன்றும் அதில் அடக்கம். புணர்த்தினால் தேறில்லம். இதுவே என் பரிந்துரை.

வேலன், வேளச்சேரி (புதன் இரவு)

புலவர் ஐயாவின் மடலை இரண்டு தடவை படித்தேன், தேற்றாங்கொட்டைப் பகுதியை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் மூன்று சிக்கல் சொல்ல வேண்டும்.

தேறில்லம் என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். "தேற இல்ல" என்று காதில் விழுகிறது. சிகிச்சை முடித்து வருகிறவரிடம் அந்த ஒலி போய்ச் சேரக் கூடாது. இரண்டாவது, தேறல் என்றால் என்ன? வடித்த கள். புறநானூறு 392-இல் ஔவையார் "தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்" என்கிறார், தேள் கொட்டியது போல் கடுக்கும் பழைய கள். தேறகம் என்று யாராவது சுருக்கினால் கள்ளுக்கடைக்கு வைத்த தூய தமிழ்ப் பெயர் ஆகிவிடும். மூன்றாவது, அங்கே வாழ்கிறவர்கள் 'ஹோம்' என்கிறார்கள், குடிக்காமல் இருப்பதை 'சோபரா இருக்கேன்' என்கிறார்கள். கையேடு அவர்களுக்குத்தானே? 'சோபர் ஹோம்' என்று தமிழ் எழுத்தில் போட்டால் நாளைக்கே புரியும்.

தாம்பரம் புலவர் (வியாழன் அதிகாலை)

தேறல் என்பது தெளிந்தது என்ற பொருளில் வந்த பெயர். கள்ளின் மண்டி அடியில் தங்க, மேலே நிற்பது தேறல். வேர் ஒன்றே. கள் தேறியதற்கு ஒரு சொல் உண்டென்றால், கள் உண்டவன் தேறுவதற்கு அதே வேரில் சொல் இருப்பது பொருத்தம்தானே, வேலன்? 'சோபர்' பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மருத்துவமனைக்கு ஆஸ்பத்திரி போதும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று பேருந்து நடத்துநரே மருத்துவமனை நிறுத்தம் என்கிறார்.

நிலா, உயர் நீதிமன்ற வழக்கறிஞர் (வியாழன் மதியம்)

வேர்ச்சொல்லை விட்டுக் கொஞ்சம் காசுக்கு வருகிறேன், அதிலும் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

தயவுசெய்து 'மையம்' என்ற சொல்லை அண்ட விடாதீர்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் மானியம் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்களுக்குப் போகிறது. அங்கே கணக்கு படுக்கையில் ஓடும்: இத்தனை படுக்கை, இத்தனை ஊழியர். கயல் சொல்லும் வீட்டில் கணக்கு வாடகையில் ஓடுகிறது. படுக்கைக்குக் காசு கேட்கும் படிவத்தில் இந்த வீட்டை எழுதினால் எந்தக் கட்டத்திலும் உட்காராது. நன்கொடை கேட்கப் போகும்போது இன்னும் நேராகச் சொல்லலாம்: அட்வான்சுக்கு மட்டும் கடன் கொடுங்கள், மாத வாடகையை நாங்களே கட்டுவோம். கொளத்தூர் நண்பர்களிடம் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டாராம். அந்த முதல் தொகைதான் மலை. ஏறிவிட்டால் அப்புறம் சமதளம். சுழல் நிதி அதற்காகத்தான்.

இன்னொன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் துர்ப்பயன்பாட்டால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, ஹாஃப்வே ஹோம் (மருத்துவமனைக்கும் சொந்த வீட்டுக்கும் இடையில் தங்கும் இடம்), ஆதரவுடன் கூடிய தங்குமிடம் போன்றவற்றை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதே சட்டம், சிகிச்சைக்கும் உடல்நலம் தேறவும் ஆட்களைத் தங்கவைக்கும் இடங்களுக்குப் பதிவும் கேட்கிறது. பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பதைத்தான் சட்டம் பார்க்கும். கையேட்டில் 'இங்கே சிகிச்சை இல்லை, மருந்து தருவதில்லை, யாரையும் பூட்டிவைப்பதில்லை' என்ற வரி முதல் பக்கத்திலேயே வரட்டும்.

பெயர் வேண்டாம் (வெள்ளி இரவு)

எல்லாருக்கும் வணக்கம். கயல் அக்கா இந்த மடல்களை எனக்கு அனுப்பினாங்க, பதில் எழுதச் சொன்னாங்க. நான் அந்த கொளத்தூர் வீட்டில் இருக்கிறேன். ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகுது குடியை விட்டு. பெரிய இலக்கணம் தெரியாது.

மாறன் சார் 'மீள்வோர் இல்லம்' சொன்னார். ஓர் ஓர் என்று முடிந்தால் எனக்கு முதியோர் இல்லம் ஞாபகம் வருது. இல்லம் என்றாலே பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆள் வருவாங்க, வரிசையில் நின்று கும்பிட்டு வாங்கணும். இதுக்கு முன்னே நான் இருந்த ஒரு இடத்தில் அப்படித்தான். கேக் வெட்டினவங்க எங்களோடு போட்டோ எடுத்தாங்க, என் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடத்து ஆளுங்க போன் வரைக்கும் அது போச்சு. இந்த வீட்டில் நாங்க ஏழு பேர். மாசம் அஞ்சாம் தேதி சமையல் மேடை மேல ஒரு சிவப்பு நோட்டு இருக்கும், அவனவன் பங்கை வைத்து அவனவன் பேருக்கு நேரா டிக் அடிக்கணும். முதல் மாசம் நான் டிக் அடிச்சப்போ கை நடுங்குச்சு, பழைய நடுக்கம் இல்ல. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் யார் பாத்ரூம் கழுவலை என்பதிலிருந்து யாருக்கு இந்த வாரம் ரொம்ப முடியலை என்பது வரைக்கும் பேசுவோம். வாடகை கொடுக்கிற இடத்தை வீடு என்றுதான் சொல்லணும். இல்லம் வேண்டாம் ஐயா.

ஆனா 'தேறு' எனக்குப் பிடிச்சிருக்கு. எங்கப்பா சாகிற வரைக்கும் என்னைச் சொன்னது ஒண்ணுதான்: "இவன் தேற மாட்டான்." அந்த வார்த்தையே திரும்பி எங்க புத்தகத்து மேல வந்தால் நல்லா இருக்கும்.

வாசல் பலகையில் எதுவும் போட மாட்டோம். கதவு எண் மட்டும்தான். தெருவுக்குத் தெரிய வேண்டாம்.

தாம்பரம் புலவர் (சனி காலை)

தம்பி, உங்கள் மடலைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதவில்லை.

வீடு என்பதும் குறைந்த சொல் அன்று. விடு என்ற வினை முதல் நீண்டு வீடு ஆனது. கெடு கேடு ஆனது போல, முதனிலை திரிந்த தொழிற்பெயர். விட்டது வீடு. குடியை விட்டவர் வாழும் இடம் வீடு. குடி என்பதற்கே மது அருந்துதலும் பொருள், குடும்பமும் பொருள். வாடகைக்குப் பழைய பெயர் குடிக்கூலி. ஒரு குடியை விட்டு இன்னொரு குடியாக அமர்கிறீர்கள்.

இருந்தாலும் தேற்றா மரத்தை விட எனக்கு மனமில்லை. நிகழ்ச்சிகளுக்கு வந்து படம் எடுப்பவர்கள் செய்த பிழைக்கு 'இல்லம்' என்ற சொல்லைத் தண்டிப்பது முறையா என்றும் கேட்கிறேன்.

மாறன் (சனி மதியம்)

தேறும் வீடு என்றால் எனக்குச் சம்மதம். தெளிவகம், தெளிமனை என்று தனிமடலில் இருவர் எழுதியிருந்தார்கள். தெளிதல் ஒரு ராத்திரி விஷயம். "போதை தெளிஞ்சுது" என்றால் மறுநாள் மதியம் மறுபடி கடைக்குப் போகலாம் என்றுதான் எங்கள் பக்கம் பொருள். மனை என்றால் கூடுவாஞ்சேரியில் பிளாட்.

அக்கா, 'ரிலாப்ஸ்' என்பதற்கு மறுவீழ்ச்சி என்று போட்டிருக்கிறீர்களா? வீழ்ச்சி வேண்டாமே. "திரும்ப எடுத்துட்டேன்" என்றுதான் வந்து சொல்வார்கள். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

கயல் (ஞாயிறு இரவு)

எட்டுப் பேர் கருத்துச் சொன்னீர்கள். ஐந்து பேர் 'தேறும் வீடு', ஒருவர் 'தேறு இல்லம்', வேலன் 'சோபர் ஹோம்', ஒருவர் எதுவானாலும் சரி. தலைப்பில் 'தேறும் வீடு' போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் நிலா சொன்ன வரி இருக்கிறது. அதன் கீழே, சோபர் ஹோம் என்று வழங்குவதும் இதுவே என்று ஒரு வரி, வேலனுக்காக. மறுவீழ்ச்சியை இந்தப் பதிப்பில் மாற்ற நேரமில்லை, மாறன். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கும்.

தாம்பரம் புலவர் (ஞாயிறு பின்னிரவு)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'தேறும்' என்று விரித்ததில் இறந்த காலம் போய்விட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஓராண்டும் நான்கு மாதமும் தேறி முடித்தவை. அவற்றுக்கும் அந்தப் பெயரில் இடம் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பு வந்தால் சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன். அந்தத் தம்பிக்குத் தேற்றாங்கொட்டை கொஞ்சம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். முகவரி வேண்டாம், கயல் வழியாகவே கொடுத்துவிடுகிறேன்.