வேற மெஷினில் மாட்டின எஸ்எஸ்டி 48 இலக்க கீ கேட்குது, டேலி கணக்கு டேட்டா உள்ளே இருக்கு, உதவுங்க

சேதராப்பட்டு ஸ்டோர்:
வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டுல சின்ன கம்பெனி. ஐடிக்குன்னு தனி ஆள் கிடையாது, ஸ்டோர்ஸ் பாக்கிற என் தலையில அதுவும் விழுந்துடுச்சு. புதுசு வாங்காதே, பழசுலயே தேத்துன்னு முதலாளி உத்தரவு. குடோன்ல 11 டெஸ்க்டாப் கிடக்கு.

போன வாரம் அக்கவுண்ட்ஸ் மெஷின் படுத்துடுச்சு. ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் இல்ல. மதர்போர்டு போச்சுன்னு எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழட்டி, குடோன்ல இருந்த அதே மாடல்ல மாட்டினேன். நீலத் திரை வந்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெகவரி கீ கேட்குது. அந்த சீட்ல இருந்த அக்கா வேலையை விட்டுட்டாங்க. கேட்டா, “நான் எந்தப் பூட்டும் போடலையே தம்பி”ங்கிறாங்க. கடைசி பேக்கப் எடுத்து 3 மாசம். ஃபார்மட் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க.

ஓடி கடலூர்:
அக்கா பொய் சொல்லல. சில மெஷின்ல மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைஞ்சதுமே அது தானா பூட்டிக்கும். டிஸ்க்கைத் திறக்கிறது பழைய மதர்போர்டுல இருக்கிற டிபிஎம்ங்கிற, சாவியைக் காக்கிற சிப். மாடல் ஒண்ணா இருந்தாலும் புது போர்டுல இருக்கிறது வேற டிபிஎம், அதுக்கு உங்க டிஸ்க்கைத் தெரியாது. அக்காவோட மைக்ரோசாஃப்ட் கணக்குல ரெகவரி கீ இருக்கும், பாக்கச் சொல்லுங்க.

சேதராப்பட்டு ஸ்டோர்:
அந்தக் கணக்குக்குக் கொடுத்த போன் நம்பரே இப்ப அவங்ககிட்ட இல்லையாம்ண்ணா. உள்ள போக முடியல.

சும்மா வந்தவன்:
பழைய மெஷின்ல சிமாஸ் பேட்டரியை (மதர்போர்டுல இருக்கிற வட்ட பேட்டரி) கழட்டி மாட்டுங்க ப்ரோ, ஆன் ஆகும்.

ஓடி கடலூர்:
இப்ப அதைத் தொடாதீங்க! அதைக் கழட்டினா பயாஸ் (மெஷினை ஆரம்பிக்கிற புரோகிராம்) செட்டிங் மாறலாம், மாறினா பழைய போர்டே கீ கேட்க ஆரம்பிச்சுடும். டிபிஎம்மை கிளியர் பண்ணிட்டா கதையே முடிஞ்சுது.

முதல்ல அந்த போர்டு செத்துதான் போச்சான்னு பாருங்க. ஃபேன் சுத்தி திரை வரலன்னா எனக்கு மொத சந்தேகம் ரேம் மேலதான். நம்ம ஊர் உப்புக் காத்துல பித்தளையே பச்சை பூக்குது, ரேம் எம்மாத்திரம். பவர் ஒயரைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழட்டி, தங்க நிற முனையை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க. துகளைத் துடைச்சுட்டு ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பாருங்க.

சேதராப்பட்டு ஸ்டோர்:
அண்ணா, வந்துடுச்சு!! ரெண்டாவது ஸ்லாட்ல உயிர் வந்துது. எஸ்எஸ்டியைத் திருப்பி மாட்டினேன், கீ கேட்காம நேரா விண்டோஸ் போயிடுச்சு. அட்மின் பாஸ்வேர்டு நம்மகிட்ட இருந்துது. முதல் வேலையா டேலி ஃபோல்டரை பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன்.

ஓடி கடலூர்:
நல்லது. கையோட பிட்லாக்கர் பக்கத்துல கீயை பேக்கப் எடுத்து பிரிண்ட் போட்டு பீரோல வைங்க. குடோன்ல இருக்கிறதுல இன்டெல் 6, 7 தலைமுறை ப்ராசஸர் இருக்கிறது எத்தனை? அதெல்லாம் விண்டோஸ் 11 கணக்குல வராது. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. லினக்ஸ் போட்டு கேட் என்ட்ரிக்கு வைக்கலாம், இல்லன்னா ரேமையும் எஸ்எஸ்டியையும் மட்டும் உருவிக்கோங்க. மிச்சத்தை பழைய இரும்புக் கடையில போடாதீங்க, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரர்கிட்ட கொடுத்து ரசீது வாங்குங்க.

சேதராப்பட்டு ஸ்டோர்:
7 மெஷின் அந்த ரகம். சீரியல் நம்பர், ரேம், டிஸ்க், யாரு சீட், கீ எடுத்தாச்சா இல்லையா, எல்லாத்துக்கும் ஒரு எக்செல் ஆரம்பிச்சிருக்கேன். முதல் வரி அக்கா மெஷின்தான்.