கணவருக்கான குடியேற்ற விசா: ஐ-864இல் வருமானம் போதவில்லை என்று குறிப்பு வந்திருக்கிறது

கேள்வி

வணக்கம். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். கணவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். அவருக்காக நான் தாக்கல் செய்த ஐ-130 என்ற உறவினருக்கான குடியேற்ற மனு ஏற்கப்பட்டு, கோப்பு இப்போது தேசிய விசா மையத்தில் இருக்கிறது. 325 டாலர், 120 டாலர் என்ற இரு கட்டணங்களையும் கட்டி, டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் முடித்துவிட்டோம். ஆனால் கணவரைப் பண உதவி தந்து ஆதரிப்பேன் என்று நான் உறுதி தரும் ஆதரவுப் பிரமாணப் பத்திரமான ஐ-864ஐப் பதிவேற்றிய பிறகு, என் வருமானம் குறைந்தபட்ச அளவை எட்டவில்லை என்று குறிப்பு வந்திருக்கிறது. 2024இல் முதுகலை படித்துக்கொண்டே பகுதிநேரமாக வேலை பார்த்ததால், அந்த ஆண்டின் வரிக் கணக்கில் 9,800 டாலர்தான் இருக்கிறது. 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு 62,000 டாலர் சம்பளத்தில் முழுநேர வேலையில் இருக்கிறேன். இங்கேயே வசிக்கும் என் தாய்மாமா, தன் பெயரில் ஓர் ஐ-864ஐ நிரப்பிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார். என் படிவத்தை எடுத்துவிட்டு அவருடையதை ஏற்றினால் போதுமா?

பதில் 1

தயவுசெய்து உங்கள் படிவத்தை எடுத்துவிடாதீர்கள். உங்கள் மாமாவைப் போல கூடவே பொறுப்பேற்கும் இணை ஸ்பான்சர் எவ்வளவு சம்பாதித்தாலும், மனுதாரரான நீங்கள் உங்கள் பெயரில் ஐ-864 கொடுத்தே ஆக வேண்டும். குறை எங்கே என்று பார்க்க இரண்டு விவரங்கள் தேவை: குடும்ப எண்ணிக்கை என்ற 5ஆம் பகுதியில் மொத்தம் எத்தனை வந்தது, 6ஆம் பகுதியில் தற்போதைய ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் எந்தத் தொகையை எழுதினீர்கள்?

கேட்டவர்

மொத்தம் 3 என்று வந்தது. வருமானக் கட்டத்தில், வரிக் கணக்கோடு பொருந்த வேண்டுமே என்று 9,800 என எழுதினேன்.

பதில் 2

அப்படியானால் இரண்டு இடங்களிலும் தவறு நேர்ந்திருக்கிறது, சகோதரி. உங்கள் கணவரை, குடியேற வருபவர் என்ற வரியில் ஒருமுறையும், திருமணமானவர் என்றால் துணைவருக்கு 1 எழுதுக என்ற வரியில் மறுமுறையும் எண்ணியிருக்கிறீர்கள். ஒருவரை இருமுறை எண்ணக் கூடாது என்பதால், உங்களைச் சார்ந்து வேறு யாரும் இல்லையென்றால் சரியான எண்ணிக்கை 2. வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டுத் தொகையில் குறைந்தது 125 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதிப்படி, 2025ஆம் ஆண்டு அளவில் இருவருக்கு 26,437 டாலர் போதும், மூவருக்கு என்றால்தான் 33,312 டாலர். அடுத்தது, அந்தக் கட்டம் கேட்பது நீங்கள் கையெழுத்திடும் நாளில் உங்களுக்கு இருக்கும் ஆண்டு வருமானத்தைத்தான். அங்கே 62,000 என்று எழுதுங்கள். 9,800 என்பது, அதே பகுதியில் வரி ஆண்டு வாரியாகத் தொகை கேட்கும் இடத்துக்கு உரியது. இரண்டு தொகைகளும் வேறுபடுவது இயல்பே, ஆனால் அந்த வேறுபாட்டுக்கு ஆதாரம் வேண்டும் என்பதால், பணியில் சேர்ந்த தேதியும் சம்பளமும் குறிப்பிட்ட நிறுவனக் கடிதம், ஜூலை முதலான சம்பளச் சீட்டுகள், 2024 வரிக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்ட் (வரித் துறை தரும் சுருக்கப் பதிவு), படிப்பு முடிந்து வேலைக்கு வந்ததை விளக்கும் அரைப்பக்கக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து ஏற்றுங்கள்.

பதில் 3

மேலே சொன்னது முழுக்கச் சரி. மாமாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐ-864 என்பது பரிந்துரைக் கடிதம் அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்கள் கணவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு (ஏறத்தாழ 10 ஆண்டு) வேலைக் கணக்கு அவர் பெயரில் சேரும்வரை, அந்தப் பொறுப்பு பொதுவாக நீடிக்கும், விவாகரத்தானாலும் தீராது. உங்கள் சம்பளமே போதுமாக இருக்கும்போது அந்தச் சுமையை அவர்மேல் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனாலும் வேலை புதிது என்பதால் மும்பையில் நேர்காணல் எடுக்கும் அதிகாரி தயங்கக்கூடும். இறுதி முடிவு அவருடையதுதான். ஆகவே மாமாவின் படிவத்தையும், அவருடைய வரிக் கணக்கையும், குடியுரிமை அல்லது கிரீன் கார்டு நகலையும் கணவரின் கையில் கொடுத்து வையுங்கள். அதிகாரி கேட்டால் மட்டும் கொடுக்கட்டும். மாமாவும் அத்தையும் கூட்டாக வரி தாக்கல் செய்பவர்களாக இருந்து, மாமாவின் வருமானத்தை மட்டும் காட்டுவதானால், அவருடைய டபிள்யூ-2வும் (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) வேண்டும்.

கேட்டவர்

படிவத்தைத் திறந்து பார்த்தேன், துணைவர் வரியில் 1 இருக்கிறது. இன்றிரவே புதிதாக நிரப்பிக் கையெழுத்திடுகிறேன். நிறுவனக் கடிதம் திங்கட்கிழமை கிடைத்துவிடும்; அதன் பிறகு எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றுகிறேன். மாமாவிடம் 40 காலாண்டு விவரத்தைச் சொன்னபோது, தெரிந்துதான் கையெழுத்திட்டேன் என்றார். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.