காலையில் போஸ்டிங், மதியம் கிளாஸ்... எப்போதுதான் படிப்பது?

கானாடுகாத்தான் மாணவி:
பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) மூன்றாம் வருடம். காலையில் ஆஸ்பத்திரியில் ஓபிடி (வெளிநோயாளிகள் பிரிவு) போஸ்டிங், மதியம் தியரி. தினமும் திருமயம் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன், வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும், சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்திலேயே கண் சொருகுகிறது. போன இன்டர்னலில் ஆர்த்தோ (எலும்பு, மூட்டுப் பாடம்) பெயிலாகிவிட்டது. லீவு போட்டுப் படி என்கிறாள் தோழி. ஆனால் பக்கவாதம் வந்த ஒரு ஐயா நேற்றுதான் முதல் தடவையாக யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்றார், நான் பக்கத்திலேயே இருந்தேன். அதை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. சீனியர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

காரைக்குடி பிசியோ:
லீவு மட்டும் போடாதே தங்கச்சி. காலையில் பார்த்தவர்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள், ராத்திரி அந்தப் பாடம் மட்டும் போதும். என் போஸ்டிங்கில் சர்க்கரை உள்ள ஓர் ஆச்சி வந்தார்கள், கொண்டை போடக் கை தலைக்குப் பின்னால் போகவில்லை. மூட்டு எவ்வளவு கோணம் அசைகிறது என்று காட்டும் கோனியோமீட்டர் வைத்து அளந்தால் கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் ரொம்பக் குறைவு, அடுத்தது பக்கவாட்டில் தூக்குவது, அதற்கும் அடுத்துதான் உள்பக்கம் திருப்புவது. ராத்திரி ஃப்ரோசன் ஷோல்டர் (தோள்மூட்டு இறுகிப்போவது) பாடத்தைத் திறந்தேன், கேப்சுலர் பேட்டர்ன், அதாவது மூட்டு உறை இறுகும்போது அசைவுகள் குறையும் விதம் என்று அதே வரிசை! மனப்பாடம் செய்யவே இல்லை, இன்றைக்கும் மறக்கவில்லை.

தேவகோட்டை இன்டர்ன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் அது மட்டும் போதாது. வார்டுக்கு வராத கேஸ்தான் பேப்பரில் வந்து நிற்கும். நானும் கேஸை மட்டும் நம்பி அரியர் வைத்தவன், அதனால் சொல்கிறேன். பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) மாதிரி வரைந்து பார்க்க வேண்டியதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள், சி5 முதல் டி1 வரையுள்ள நரம்பு வேர்களைப் புத்தகத்தைப் பார்க்காமல் வரைந்து பார், பழைய கேள்வித்தாளைக் கடிகாரம் வைத்து எழுது. பஸ்ஸில் படிக்க முயற்சி பண்ணாதே, தூங்கு. ராத்திரி அந்த ஒரு மணி நேரம் அப்போதுதான் உருப்படியாகக் கிடைக்கும்.

வீட்டு விசிட் பிசியோ:
ஒன்று சேர்த்துக்கொள்ளம்மா. முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு, ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில் என்று கிளாஸில் சொல்லிவிடுவார்கள். நம்ம ஊர் வீட்டில் திண்ணைக்கு ஏறவே படி, முகப்பிலிருந்து முற்றம் போவதற்குள் தாண்ட எத்தனை நிலைப்படி, ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் சிந்தினால் நமக்கே வழுக்கும். வாக்கரோடு அங்கே எப்படி நடப்பார் என்று போஸ்டிங்கில் இருக்கும்போதே யோசி, ஒவ்வொருவரிடமும் வீட்டில் எத்தனை படி என்று கேள்.

கானாடுகாத்தான் மாணவி:
நன்றி அண்ணா, அக்கா, எல்லோருக்கும். இன்றைக்கு அந்த ஐயாவிடம் கேட்டேன், வாசலில் ஐந்து படி, கைப்பிடி கிடையாதாம். இதை எங்கள் மேடத்திடம் சொன்னேன், நாளையிலிருந்து அவருக்குப் படிப் பயிற்சி. ராத்திரி ஸ்ட்ரோக் பாடம் எடுக்கிறேன்.