இஷாப்பூர் 2ஏ1 மேகசினுக்காக துல்சா கன் ஷோவுக்குப் போகலாமா?

வணக்கம். இருப்பது டல்லாஸ் பக்கம். இஷாப்பூர் 2ஏ1 ரைபிளுக்கு (இந்தியாவில் செய்த என்ஃபீல்டு வகை, 7.62 நேட்டோ தோட்டா) ஒரிஜினல் 12 ரவுண்ட் மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) தேவை, எங்கும் அகப்படவில்லை.

இப்போது உள்ளதில் வலப்பக்க லிப் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் மடிப்பு) விரிந்துவிட்டது. முழுதாக நிரப்பினால் மேல் தோட்டா வலப்பக்கம் எகிறி, போல்ட்டுக்கும் ரிசீவருக்கும் நடுவில் சிக்குகிறது. கடைசி இரண்டு தோட்டா முனை சாய்ந்து முட்டின. ஸ்பிரிங் மாற்றியதும் அது சரியாகிவிட்டது. லிப்பைக் குறடால் வளைத்தால் பின் மூலையில் வெடிப்பு விடுகிறது. .303 தோட்டா போடும் பழைய என்ஃபீல்டு நம்பர் 1 ரைபிளின் மேகசின் பொருந்தாது. அதன் லிப் அடியில் விளிம்புள்ள தோட்டாவுக்கு வடித்தது.

ஆன்லைனில் வாங்கினேன், நசுங்கியதுதான் வந்தது. படத்தில் லிப்பைக் காட்டுவதே இல்லை. நேரில் என்றால் ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டு அங்கேயே பார்த்துவிடலாம். ரைபிளையும் கொண்டுபோனால் வாசலில் போல்ட்டுக்கு ஜிப் டை போட்டுவிடுவார்கள். மேகசின் கொக்கியில் சரியாக மாட்டுகிறதா என்று மட்டும் பார்க்க முடியும். எனக்கு அதுவே போதும்.

உள்ளூர் கன் ஷோக்களில் (துப்பாக்கிச் சந்தை) புது ஏஆர் வகை நவீன ரைபிள் பாகங்கள், ஆன்லைன் விலையிலேயே தோட்டா, மாட்டிறைச்சி ஜெர்க்கி மேசைகள். ‘என்ஃபீல்டு’ என்று எழுதிய பெட்டியைக் கிளறினால் எல்லாம் நம்பர் 4 என்ற வேறு மாடலின் மேகசின்.

ஓக்லஹோமாவில் உள்ள துல்சா ஷோ ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கிறது, நாலாயிரத்துக்கும் மேல் மேசைகள். ஆனால் ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: பழைய ராணுவ ரைபிள் பாகங்களை, குறிப்பாக 2ஏ1 மேகசினை, அங்கே மேசையில் கண்ணால் பார்த்தீர்களா?