அப்பாவின் அம்பாசிடர் டிஎம்எக்ஸ்: டிஎன் நம்பருக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

பழையவண்டிக்காரன்:
அப்பா 1984இல் சென்னையில் வாங்கிய அம்பாசிடர். நம்பர் டிஎம்எக்ஸ் என்று தொடங்கும். வீட்டில் அந்த வண்டிக்குப் பெயரே "டிஎம்எக்ஸ்"தான். அடுத்த மாதம் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். புரோக்கர் ஒருவர், "இந்த நம்பர் செல்லாது, டிஎன் நம்பர்தான் போடணும், பன்னிரண்டாயிரம் ஆகும்" என்கிறார். உண்மையா?

தூரிகைமணி:
தம்பி, பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு ஆர்டிஓ ஆபீஸுக்கு எதிரே புளியமரத்தடியில் 27 வருடம் நம்பர் பிளேட் எழுதியவன் நான். 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டக் காலத்தில் மூன்று எழுத்து, அதன் பிறகு நான்கு இலக்கம் வரை எண். 1988 சட்டம் 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் டிஎன், ஆபீஸ் எண் எல்லாம். அதற்கு முன்பு பதிவான வண்டி பழைய நம்பரோடுதான் ஓடும். உங்களுடையதைவிடப் பழைய எம்எஸ்எக்ஸ் நம்பர் வண்டிகளுக்கே புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது நம்பர் வாங்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு, அவ்வளவுதான்.

காருக்கு எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. இந்த அளவுக்கு ஒரு அட்டை வெட்டிச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பேன். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எனாமலில் எழுதி, வெயிலில் சாய்த்து வைப்பேன். 8055 கிடைத்த பையன்கள் அதை ஆங்கிலத்தில் "பாஸ்" (BOSS) என்று வாசிக்கிற மாதிரி எழுதக் கேட்பார்கள். தமிழில் எழுதச் சொல்லியும் வருவார்கள். ஆங்கில எழுத்தும் 1, 2, 3 எண்களும்தான் விதி. எனக்கும் தமிழில் எழுதத்தான் கை அரிக்கும். ஆனால் ஃபைன் கட்ட என்னைக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கு ஷோரூமிலேயே அசோகச் சக்கர ஹாலோகிராம் பிளேட் மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் மரத்தடியில் எனக்கென்ன வேலை?

நான்குவழிச்சாலை:
மணி அண்ணன் சொன்னது சரி. கூடுதலாக ஒன்று: வண்டிக்கு 50 வயது தாண்டி, பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்தால் விண்டேஜ் பதிவு கேட்கலாம். 2021இல் விதி வந்தது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு "விஏ" என்ற எழுத்து நடுவில் வரும். ஏற்கெனவே பதிவானது பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான். உங்களுக்கு 2034 வரை அந்தக் கவலை இல்லை.

பழையவண்டிக்காரன்:
ரொம்ப நன்றி மணி அண்ணே. புரோக்கரிடம் 1989 ஜூலை என்றதும், "அப்படியா சார், விசாரிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார். பின்பக்கப் பிளேட்டில் எக்ஸ் பாதி உரிந்திருக்கிறது. உங்களிடம் கொண்டுவரலாமா?

தூரிகைமணி:
கொண்டு வாங்க. டப்பா காய்ந்திருக்கும், புதிதாக வாங்கி வைக்கிறேன். முதலில் பிளேட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், கடைசி இரண்டு எண்ணை மறைத்துவிட்டு.