தேரூர் குளத்தின் கோடை: முதன்முதலாக ஓர் அசல் ஓவியம் வாங்கலாமா?

ராஜாக்கமங்கலத்துக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர். கல்யாணமாகி ராஜாக்கமங்கலம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நர்ஸ் வேலை. இதுவரை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியதெல்லாம் காலண்டரும் கல்யாணப் போட்டோவும்தான்.

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஓவியக் கண்காட்சி வைத்திருந்தார்கள். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே போனேன். மூன்றாவது சுவரில் எங்கள் குளம்.

தண்ணீர் தளும்பும் குளத்தை எல்லாரும்தான் வரைகிறார்கள். இது சித்திரை மாதத்துக் குளம். மாசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்த பிறகு தண்ணீர் நாளுக்கு நாள் உள்வாங்குமே, அது. கரையோரச் சேறு சாம்பல் நிறமாகக் காய்ந்து வெடித்திருக்கிறது. நாலடி உள்ளே ஈரச்சேறு, ஏறக்குறையக் கறுப்பு. தாமரை இலைகள் தண்ணீரில் படுத்திருக்காமல், தண்டு தெரியக் குடை மாதிரி நிற்கின்றன; ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. அங்கங்கே மூன்று நாலு பூ. தூரத்தில் மலை வெயிலில் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. குறுக்கே கரண்ட் கம்பி ஒன்று போகிறது, அதையும் விடாமல் வரைந்திருக்கிறார்.

சின்ன வயதில் அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் குளத்தங்கரை வழியாகச் சுசீந்திரம் கூட்டிப்போவார். அந்த நேரத்துச் சேற்று வாடை, படத்தின் முன்னால் நின்றபோது மூக்கில் வந்தது. அப்பா இறந்து நாலு வருஷமாகிறது.

வாட்டர் கலர். 15க்கு 22 அங்குலம். பிரேம் இல்லாமல் 18,000 ரூபாய் சொல்கிறார்கள். வரைந்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். "குளத்தைப் பார்க்கணும்னா பஸ் ஏறிப் போய்ப் பாரு, அந்தக் காசுக்கு மோதிரம் எடு" என்கிறாள் அம்மா. எனக்கு மனது அதிலேயே நிற்கிறது. இந்த விலை சரிதானா? அசல்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் தாளில் வரைந்த படம் தாங்குமா?

சுசீந்திரம் குளத்தங்கரை சொன்னது:

நான் இருபது வருஷமாக இந்தக் குளங்களில் பறவை பார்க்கிறவன். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு அப்புறம் கேமராவோடு நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் வருவதெல்லாம் மார்கழி, தையில். சித்திரை வெயிலில் கரையில் யாரும் நிற்பதில்லை. அந்த மாதத்தை ஒருவர் வரைந்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படத்தில் என்ன பறவை இருக்கிறது? ஊசிவால் வாத்துகள் வலசை வருபவை, சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும். வெடித்த சேற்றுக்குப் பக்கத்தில் அவை நீந்தினால், இரண்டு மாதத்துப் போட்டோக்களைச் சேர்த்து வரைந்த படம் அது. அந்த மாதம் குளத்தில் இருப்பது கொக்கு, மடையான், நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி. வற்றுகிற தண்ணீரில் மீன் நெருங்கிக் கிடக்கும், கொக்கும் மடையானும் நீர்க்காகமும் அதற்காகக் கூடும்.

ராஜாக்கமங்கலத்துக்காரி:

ஒரே ஒரு மடையான்தான் அண்ணா. முதலில் எனக்குத் தெரியவே இல்லை, சேற்றில் ஒரு பழுப்புத் திட்டு என்று நினைத்தேன். கிட்டே போனால் இறக்கை ஓரத்தில் தாளை அப்படியே வெள்ளையாக ஒரு கீற்று விட்டிருக்கிறார்.

சுசீந்திரம் குளத்தங்கரை:

அப்படியானால் அந்த மாஸ்டர் கரையில் உட்கார்ந்து பார்த்தவர். மடையான் உட்கார்ந்திருந்தால் சேறு, பறந்தால்தான் வெள்ளை. நான் என்றால் வாங்கிவிடுவேன்.

பிரேம்கடை அண்ணாச்சி சொன்னது:

மக்களே, வடசேரியில் 26 வருஷமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறேன். சொந்தமாகவும் கொஞ்சம் வரைவேன். பறவைக்காரத் தம்பி சொன்னது நல்ல சோதனைதான், ஆனால் பறவை தப்பாக இருப்பதால் மட்டும் ஓவியம் கெட்டுப்போகாது. ஓவியன் பட்டியல் எழுதுகிறவன் இல்லை. கரண்ட் கம்பியை விடாமல் வரைந்தார் என்று சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பெரிசு. கம்பியை எடுத்துவிட்டுத் தென்னை ஒன்றை நட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் விற்றிருக்கும்.

அசலா என்று பார்க்க, சட்டக் கண்ணாடி இல்லாமல் படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடி. வாட்டர் கலர் தாள் சொரசொரப்பாக இருக்கும். சில வண்ணங்கள் அந்தக் குழிகளில் இறங்கிப் பொடி மாதிரி தங்கியிருக்கும். கரைத்து விட்ட வண்ணம் காய்ந்த ஓரத்தில் கோடு போட்டது போல ஒரு கருமை நிற்கும். வெளிறிய இடத்தில் பென்சில் கோடு தெரியும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தால், அச்சடித்த படமாக இருந்தால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். திருப்பியும் பார். தண்ணீர் பட்ட தாள் பின்பக்கம் லேசாக நெளிந்திருக்கும். இவ்வளவும் பார்க்க ஐந்து நிமிஷம். காட்ட மாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்காதே.

விலைக்கு இதுதான் என்று ஒரு கணக்குக் கிடையாது. அவருடைய மற்ற படங்கள் இதே அளவில் என்ன விலைக்குப் போயின என்று கேள். அதை ஒட்டி இருந்தால் நியாயமான விலை. பின்னால் விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அம்மா சொன்ன மோதிரமே நல்லது. மீன் சந்தையில் பேசுவது போல அடித்துப் பேசாதே. தவணையாகத் தரட்டுமா என்று கேட்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாமரைப் பூ. வாட்டர் கலரில் முதலில் வெளுப்பது ரோஸ் நிறங்கள்தான். கண்ணைப் பறிக்கும் ஓப்பரா ரோஸ் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிவிடும். அலிசரின் கிரிம்சனும் நிற்காது. டியூபில் பொடி எழுத்தில் வண்ணப்பொடியின் குறி போட்டிருக்கும். பிஆர் 83 என்றால் அலிசரின், வெளுக்கும். பிவி 19 என்றால் குவினக்ரிடோன், பல வருஷம் நிற்கும். சேற்றுப் பழுப்பும் சாம்பலும் பெரும்பாலும் மண் நிறங்கள், அவை உன் பேரன் காலம் வரை இருக்கும். பூ மட்டும் போய்விட்டால் குளம் விதவை மாதிரி ஆகிவிடும் மக்களே. அதனால் மாஸ்டரிடம் எந்த ரோஸ் என்று தைரியமாகக் கேள். குறி தெரியவில்லை என்றால், அதே வண்ணத்தை ஒரு துண்டுத் தாளில் தீட்டித் தரச் சொல். பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவை. மூடிய பாதியும் மூடாத பாதியும் உண்மையைச் சொல்லிவிடும்.

சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2008இல் மணக்குடிக் காயலை வரைந்த சின்னப் படம் ஒன்று வாங்கினேன். ஆசையாக நானே சட்டம் போட்டேன், மவுண்ட் (கண்ணாடி தாளில் படாமல் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இல்லாமல், கண்ணாடியைத் தாளோடு ஒட்டி. தென்மேற்குச் சுவரில் மாட்டினேன். மூன்றாவது இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வானம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை. அந்தக் காலைநேரத்து வானத்தில்தான் படத்தின் உயிரே இருந்தது. இன்றைக்கும் கடையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்ட.

அதனால் அமிலமில்லாத மவுண்ட் போர்டு கேட்டு வாங்கு. படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டையும் அதே தரத்தில் இருக்கட்டும். சாதா அட்டை தாளை மஞ்சளாக்கும். செல்லோ டேப் ஒட்ட விடாதே. கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பான் தாளும் வைத்து மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். கடலோரம் என்பதால் கொக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், இரும்பு உப்புக்காற்றுக்கு இரண்டு வருஷம் தாங்காது. மழை அடிக்கும் வெளிச்சுவரில் வேண்டாம். வீட்டுக்கு உள்ளே இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் சுவர் போதும்.

தக்கலைக்காரி சொன்னது:

அண்ணாச்சி லென்ஸ் பற்றிச் சொன்னதும் எங்கள் ஆச்சி வீடு ஞாபகம் வந்தது. பூஜை அறையில் ஒரு பழைய சரஸ்வதி படம். "ரவிவர்மா கையால வரைஞ்சது" என்று ஆச்சி கடைசி வரை சொல்வாள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி, கல்லச்சில் அடித்து ஊரெல்லாம் பரவிய படங்களில் ஒன்று அது. ஆச்சிக்கு அதனால் பக்தி குறையவில்லை, படத்துக்கும் பழமையின் மதிப்பு உண்டு. ஆனால் அசல் வேறு, அச்சு வேறு. நிலக்காட்சி பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அவருடைய தம்பி ராஜ ராஜ வர்மா நிலக்காட்சி வரைவதில் கெட்டிக்காரர். அண்ணன் பேர் தெரிந்த அளவுக்கு அவர் பேர் நம் ஊரில் தெரியவில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம்.

வாங்கும்போது கையெழுத்திட்ட ரசீது ஒன்று கேளுங்கள் அக்கா. படத்தின் பேர், எந்த வண்ணம், அளவு, வரைந்த வருஷம், விலை எல்லாம் அதில் இருக்கட்டும். அப்புறம், படத்தை வாங்கினாலும் அதன் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். காலண்டரிலோ கல்யாணப் பத்திரிகையிலோ போட வேண்டும் என்றால் அவரைக் கேட்க வேண்டும்.

ராஜாக்கமங்கலத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. போன ஞாயிறு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். தாமரைத் தண்டுகளுக்கு அடியில் பென்சில் கோடு இருக்கிறது. ஒரு தண்டை முதலில் வேறு பக்கம் சாய்த்துப் போட்டு, அப்புறம் மாற்றியிருக்கிறார்.

ரோஸ் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டியூபை எடுத்தார், பிழிந்து பிழிந்து சுருட்டியதில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. உடனே ஒரு துண்டுத் தாளில் அதே ரோஸைத் தீட்டி, காயும்வரை விசிறிக் கொடுத்தார். சின்ன ஸ்கெட்ச் நோட்டு ஒன்றையும் காட்டினார். அதே குளம், ஏழு பக்கம், ஒவ்வொன்றிலும் தேதி, கடைசிப் பக்கத்தில் தண்ணீர் ஒரு கோடுதான்.

மூன்று தவணைக்கு ஒத்துக்கொண்டார். 6,000 கொடுத்துவிட்டு வந்தேன். சட்டம் போட அண்ணாச்சி கடைக்குத்தான் வருவேன். துண்டுத் தாளைப் பாதி மூடி மேற்கு ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். ஆறு நாள் ஆகிறது. அம்மாதான் தினமும் காலையில் கறுப்புத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவைக்கிறாள்.