முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கிய அனுபவம்: செங்கோட்டை முதல் ஆரம்பாக்கம் வரை

செங்கோட்டையிலிருந்து:

முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) எதை வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மற்ற ஊர்க்காரர்களும் சொன்னால் அவருக்கு உதவும்.

2019-இல் நான் வாங்கியது நிக்கான் டி3500. அதற்கு முன்னால் இதுவா, கேனன் 1500டி-யா என்று பல வாரம் ஓடியது. இரண்டுமே 2018-இல் வந்தவை. இரண்டிலும் 24 மெகாபிக்சல், இரண்டோடும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்தே தரும் லென்ஸ்). யாரைக் கேட்டாலும் அவரவர் கையில் இருப்பதையே வாங்கச் சொன்னார்கள்.

தெளிவு கிடைத்தது கேரளத்துப் புனலூரில். என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேட்டன் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தார். எந்த கேமரா நல்லது என்று கேட்டேன். "நீ எதப் படம் எடுக்கப் போற மோளே? அதச் சொல்லு முதல்ல" என்றார். சாரல் காலத்துத் தெருக்கள், காய்கறிச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளின் முகம், கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தில் போகும் ரயில் என்று வரிசையாகச் சொன்னேன். "எல்லாமே வெளிச்சம் குறைஞ்ச இடம். அப்போ நீ யோசிக்க வேண்டியது லென்ஸைப் பத்தி" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எங்கள் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜூன் பிறந்தால் புளியரையைத் தாண்டி ஆரியங்காவு இறங்குவதற்குள் பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் அதிகபட்சத் திறப்பே எஃப்/5.6 தான் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரியது, வெளிச்சம் அதிகம்). அந்த வெளிச்சத்தில் அது ஐஎஸ்ஓ (படம் பதியும் சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குகிறது என்ற எண்) 3200 கேட்டால், எஃப்/2-இல் வைக்கக்கூடிய ஒரு லென்ஸுக்கு 400 போதும். அதே படம், அதே ஷட்டர் வேகம், புள்ளி புள்ளியான இரைச்சல் மட்டும் இல்லை. இந்த வித்தியாசத்தை எந்த பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா உடலை) மாற்றினாலும் இவ்வளவு குறைந்த செலவில் வாங்க முடியாது. பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அவருடைய 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போட்டுக் கொடுத்து, கடை வாசலில் நின்று எடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு விஷயமும் சொன்னார், அது பலருக்குத் தெரிவதில்லை. டி3500, டி5600 மாதிரியான நிக்கான் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைதான் வேண்டும்.

கடைசியில் பாடியைத் தேர்ந்தெடுத்தது என் கைதான். தென்காசியில் ஒரு கடையில் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். டி3500-இன் பிடி ஆழமாக இருந்தது, விரல்கள் அதில் உட்கார்ந்தன. கேமரா நிறுவனங்களின் பொது அளவீட்டு முறைப்படி ஒரு சார்ஜுக்கு 1550 படம் என்பதும் பிடித்தது. 1500டி-க்கு அது 500. கேனன் மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் கைக்கு அது பொருந்தினால் அதுவே சரி.

கழுதுருட்டிப் பாலத்தைச் சாலையில் நின்றே எடுக்கலாம். கொல்லம் – செங்கோட்டைப் பாதை 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது, அகலப்பாதையாக மாறி 2018-இல் முழுமையாக ஓடத் தொடங்கியது. ரயில் அங்கே மெதுவாகத்தான் வரும். 1/250 வினாடி போதும், மங்கலான நாளில் அது பெரிய நிம்மதி.

வால்பாறையிலிருந்து:

அக்கா சொன்னதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன். ஆனால் எங்கள் பக்கம் கேள்வி வேறு. இங்கே எல்லோருக்கும் வேண்டியது தூரம்.

நான் வாங்கியது பழைய கேனன் 200டி, கூட ஒரு 55-250 மி.மீ. லென்ஸ். கேனனின் சிறிய சென்சாரில் 250 மி.மீ. என்பது 400 மி.மீ. பார்வையைத் தரும். புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோரம் வரும் சிங்கவால் குரங்குகளுக்கு அது தாராளம். சில நேரம் 55-க்குச் சுருக்க வேண்டிவரும், அவ்வளவு பக்கத்தில் நிற்கும். தயவுசெய்து படத்துக்காக யாரும் பிஸ்கட் நீட்டாதீர்கள். ரோட்டுக்குப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகிறது.

இருவாச்சிப் பறவைக்குத்தான் 250 போதாது. இறக்கைச் சத்தம் முதலில் காதில் விழும், பிறகுதான் பறவை தெரியும். அந்தச் சத்தம் கேட்டு நிமிர்ந்து வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நேரடியாகக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், நொடியும் தாமதமில்லை. டிஎஸ்எல்ஆரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கறுப்புப் பறவை, பின்னால் வெளுத்த வானம் என்றால் கேமரா ஏமாந்து பறவையை இருட்டடித்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றி வையுங்கள். ஷட்டர் 1/1000-க்குக் கீழே போகக் கூடாது. லென்ஸில் உள்ள ஐஎஸ் (நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) நம் கை நடுக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ளும், பறவையின் அசைவை அது நிறுத்தாது.

பெரிய லென்ஸ் வாங்கப் பணமில்லை என்று கவலைப்படும் தம்பிகளுக்கு: 250-இல் பறவை சிறியதாக, காடு பெரியதாக வரும். அந்தப் படங்கள்தான் என்னிடம் உள்ளவற்றில் சிறந்தவை. இருவாச்சி எந்த மாதிரி மரத்தில் வாழ்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

கூடலூரிலிருந்து (தேனி மாவட்டம், நீலகிரி இல்லை):

பழையது வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். நிறையப் பேர் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை கேமராவுக்கு) மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. ஆனால் மலை மேலிருந்து வரும் லென்ஸை ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டப் பக்கம் ஒருவர் 50 மி.மீ. லென்ஸ் விற்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வெளியே புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. முன்னும் பின்னும் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் சாய்வாக அடித்து மறுபக்கம் பார்த்தேன். உள்கண்ணாடியில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். பூஞ்சை. அவருக்கே அது தெரியாது, பாவம், தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தார். நான் வாங்கவில்லை. பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் நிற்கும்.

பாடிக்கு: எஃப்/22-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஷட்டர் எண்ணிக்கையை (இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதை) நிக்கானில் படத்தின் தகவலிலேயே பார்க்கலாம், கேனனின் ஆரம்பநிலை பாடிகளுக்குக் கேபிள் மாட்டி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். இந்த வகை பாடிகளின் ஷட்டருக்கு ஆயுள் ஒரு லட்சம் கிளிக் என்பது பொதுவான கணக்கு. முப்பதாயிரம் ஓடியது என்றால் தயங்காமல் வாங்கலாம். கார்டு போடும் துளை சேதமில்லாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு வீட்டில் வைக்க நான் செய்திருப்பது இதுதான்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-லிருந்து 50 சதவீதம் இருந்தால் நல்லது. ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறமானால் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடலாம். தோல் பை வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆடி மாதச் சாரலில் பயந்து கேமராவைப் பூட்டிவைப்பவர்களுக்குத்தான் பூஞ்சை வருகிறது, தினமும் எடுத்துப் புழங்குங்கள்.

ஆரம்பாக்கத்திலிருந்து:

பழவேற்காடு ஏரிப் பூநாரைக்காக 70-300 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். கரையிலிருந்து அவை இருக்கும் தூரத்துக்கு 300 போதாது, படகில் நெருங்கினால் கூட்டமே எழும்பிப் போய்விடும். அதனால் கூட்டத்தை முழுசாக எடுக்கக் கற்றுக்கொண்டேன், அடிவானத்தில் ரோஸ் கோடாக. சூளூர்பேட்டையிலிருந்து நேலப்பட்டு போனால் கூழைக்கடாக்கள் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும், அங்கே 300 நன்றாக உதவும். மற்ற நாளெல்லாம் வலை உலர்த்துகிறவர்களையும் படகுகளையும் எடுக்கிறேன். அதற்குக் கிட் லென்ஸே போதும்.

மீண்டும் செங்கோட்டையிலிருந்து:

தம்பி, இப்போது டி3500 தயாரிப்பில் இல்லை, அதனால் பழையதைத்தான் தேட வேண்டும். பறவை வேண்டாம், மனிதர்களும் மழையும் போதும் என்றால் கிட் லென்ஸோடு கிடைக்கும் எந்த 24 மெகாபிக்சல் பாடியும் சரி, கூட ஒரு 35 அல்லது 50. கேனன் 3000டி மட்டும் வேண்டாம், லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், அடிக்கடி லென்ஸ் மாற்றப் போகிறவருக்கு அது ஆகாது. கொஞ்சம் கனம் பரவாயில்லை என்றால் நிக்கான் டி7200 தேடுங்கள். 2015-இல் வந்தது, ஆனாலும் தூறலைத் தாங்கும் சீலிங் இருக்கிறது, உள்ளே மோட்டாரும் உண்டு. அந்தப் பழைய 50 மி.மீ. டி லென்ஸ் அதில் தானாகவே ஃபோகஸ் ஆகும்.